சிரிப்புப் படத்தில் மாலையோடு நான்

1

சிட்லபாக்கம், அஸ்தினாபுரம், தாம்பரம் பக்கம் இருக்கிற சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சாகவில்லை. இதை எழுதுகிற இந்தக் காலையில், ஏழுமலையாகிய நான், கனடாவின் எட்மண்டன் நகரத்தில், சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை போடாத காப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு எப்படியோ தெரியாது. நாளைய சங்கதியைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் குடும்பம் ஏரிக்குப் பின்னால் நெல் போட்ட குடும்பம். நெல் போட்ட இடமெல்லாம் மனை ஆனபோது ஊரில் பாதிப் பேர் மனையை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். நான் அஸ்தினாபுரத்தில் ஒரு கிரில் பட்டறையில் போய் வெல்டிங் துப்பாக்கியைப் பிடித்தேன். அங்கிருந்து குவைத். குவைத்திலிருந்து இந்தப் பனிக்காடு. எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிற குளிரில் எண்ணெய்க் குழாய்களுக்கு ஒட்டு வைத்தவன். ஒவ்வொரு ஒட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். என் ஒட்டில் ஒரு குமிழ் கூட இருக்காது. இன்றைக்கு என் பெயரில் பட்டறை, வாசலில் என் பெயர்ப்பலகை. இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் "எல்லி" என்று கூப்பிடுகிறார்கள். பாதிப் பெயரைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவும் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் முக்கியமான காரணம் வேறு. பயம் என்றால் என்னவென்று கேட்டு வளர்ந்தவன், ஒரு சிரிப்புப் படத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே தமிழ்ப் படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு காட்சி போடுவார்கள். அந்த ஞாயிறு என் மகன் கார்த்திக் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். அவனாகக் கூப்பிடுவது அபூர்வம். பேத்தி நிலாவுக்குத் தமிழ் ஒட்ட வேண்டுமாம், குடும்பத்தோடு பார்க்கிற படமாம், மனசு லேசாகிவிடுமாம். என் மனைவி கஸ்தூரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேலே பனிக்கோட்டு போட்டுக்கொண்டாள்.

கதை நல்ல கதைதான். புருஷனை இழந்த ஒரு அம்மா தனியாக இருக்கிறாள். பின்பக்கச் சுவரேறி ஒரு திருடன் குதிக்கிறான். அம்மா எழுந்து வந்து, "வந்துட்டியாடா? சாப்ட்டியா?" என்கிறாள். காணாமல் போன மகன் என்று நினைத்துவிட்டாள், கண் சரியில்லை போலிருக்கிறது என்று திருடன் தங்கிவிடுகிறான். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்பது கடைசியில்தான் தெரிகிறது. அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. அவனுக்குச் சோறு போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எனக்கு முதலில் தெரிந்தது கேட். திருடன் குதிப்பதற்கு முன்னால் ஒரு கேட்டைக் காட்டினார்கள். மயில் போட்ட கேட். மயிலின் கழுத்துப் பக்கம் ஒட்டு கொஞ்சம் தடித்திருந்தது. இளவயதில் அந்த ஒட்டை வைத்தபோது பட்டறையில் கரண்ட் போய் வந்தது, அதனால் தடித்தது. என் கை வேலை எனக்குத் தெரியாதா? "கஸ்தூரி, நம்ம வீடு!" என்று கத்திவிட்டேன். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிட்லபாக்கத்தில் என் தம்பி மோகன் குடியிருக்கிற எங்கள் வீடேதான். படப்பிடிப்புக்கு விட்டதாக அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, கனடாவில் திரையில் பார்த்து அண்ணன் அசந்துபோகட்டும் என்று விட்டிருப்பான் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

அப்புறம் கூடத்தைக் காட்டினார்கள். கூடத்துச் சுவரைக் காட்டினார்கள். சுவரில் அந்த அம்மாவின் செத்துப்போன புருஷனைக் காட்டினார்கள்.

நான்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். நீலக் கோட்டு. கழுத்தில் சந்தனச் சீவல் மாலை. கீழே சிவப்பு பல்பு மினுக்கு மினுக்கு என்று எரிகிறது. திருடன் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன், என்னைப் பார்த்து நின்று, ஒரு விரலை ஆட்டிச் சொல்கிறான்:

"நைனா, கண்ண மூடிக்கோ."

தியேட்டரே சிரித்தது. குடத்தை எடுக்கும்போது ஒரு தடவை, அரிசி டப்பாவில் கை விடும்போது ஒரு தடவை, படம் முழுக்க இதேதான். ஒவ்வொரு தடவையும் திரை நிறைய என் முகம். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு. நிலா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "தாத்தா, யூ ஆர் இன் த மூவி!" என்று என் தோளில் அடித்தாள்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பனியில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது.

3

இடையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். என் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைக்க வேண்டும். டாக்டர் படம் வரைந்து விளக்கினார். ஆயுசெல்லாம் வால்வோடு குடித்தனம் நடத்தியவனிடம் வால்வுப் பாடம்! இறுகின வால்வு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

படம் பார்த்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டதாம். இங்கே அது சாமி வரம் கொடுப்பது மாதிரி. வேண்டாம் என்றால் வரிசையின் வாலுக்குப் போய்விட வேண்டும்.

கஸ்தூரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"மாலையோட நீங்க அந்த டேபிள்ல படுக்கக் கூடாது."

"சினிமாடி அது."

"சினிமாவோ நாடகமோ. அத்தனை ஜனம் பாக்க உங்களுக்கு மாலை போட்டு, கண்ண மூடிக்கோ, கண்ண மூடிக்கோன்னு சொல்லியிருக்கான். படம் ஓடுற ஊர்லெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கான். அத எடுக்காம நீங்க கண்ண மூடினா, யாருங்க தொறக்கறது?"

மோகனுக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறான். என் போனை ஒரு நாளும் எடுக்காமல் இருந்தவன் இல்லை அவன். அவன் எடுக்கவில்லை, ஆனால் மற்ற ஜனமெல்லாம் கூப்பிட்டது. முடிச்சூரிலிருந்து ஒரு அத்தை கூப்பிட்டு, கஸ்தூரியிடம் எடுத்த எடுப்பில் அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ஒரு வார்த்த சொல்லலியேடி, சினிமாவுல பாத்துத் தெரிஞ்சிக்கிற மாதிரி ஆச்சே" என்று ஒரே ஒப்பாரி. நான் போனை வாங்கி "அத்தை, நான்தான் பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கம் டக்கென்று லைன் போனது. அப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை.

கஸ்தூரியின் சித்தப்பா மகன் பாபு சினிமாவில் லைட்மேன். அவன்தான் விவரம் சொன்னான்.

"மாமா, பொணமா நடிச்சவங்க ஷாட் முடிஞ்சதும் எழுந்து கேமராவப் பாத்து சிரிக்கணும். சிரிச்சப்புறம்தான் பூசணிக்கா சுத்துவாங்க. போட்டோவுக்கு மாலை போட்டாலும் அதே கணக்குதான். அந்த ஆளே வந்து தன் கையால மாலையக் கழட்டிட்டு சிரிக்கணும். உங்கள யாரு மாமா கேக்காம வெச்சது? பெரிய தப்பு மாமா இது."

"செய்யலன்னா என்னடா ஆகும்?"

"எல்லாரும் செஞ்சிடுவாங்க மாமா" என்றான்.

கார்த்திக் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் எ மூவி. இந்த கண்டிஷன்ல ஃப்ளைட்டா? போட்டோவுக்காகவா?" டாக்டரும் போகாமல் இருப்பது நல்லது என்றுதான் சொன்னார். தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். என் இங்கிலீஷ் பட்டறைக்குப் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. மொழிபெயர்க்க ஒரு பெண்ணை லைனில் போட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்.

"என்ன காரணமெண்டு கேக்கினம் ஐயா."

"ஊரில் என் போட்டோவுக்கு மாலை போட்டுட்டாங்கம்மா. நான் போய்க் கழட்டணும்."

அந்தப் பெண் இங்கிலீஷில் "அவசரமான குடும்ப விஷயம்" என்று மட்டும் சொல்லித் தேதியைத் தள்ளி வாங்கிக் கொடுத்தாள். லைனை வைப்பதற்கு முன் தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "கட்டாயம் போய்க் கழட்டிப்போட்டு வாங்கோ ஐயா."

படித்த பெண். அவளும் சிரிக்கவில்லை.

4

பெருந்தொற்றுக்கு முந்தின வருஷம் ஊருக்குப் போனது. அதற்குப் பிறகு இப்போதுதான். மீனம்பாக்கத்தில் மோகன் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பெட்டியை வாங்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்கவில்லை. பல்லாவரம் தாண்டி, குரோம்பேட்டை தாண்டி, கார் திரும்புகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

"போன ஏண்டா எடுக்கல?"

"சார்ஜ் இல்ல ண்ணா."

"இத்தன நாளா?"

கஸ்தூரி என் முழங்கையைத் தொட்டாள். பேசாமல் வந்தேன்.

தெருமுனையில் பூக்கட்டுகிற அம்மா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பூப்பந்தைக் கீழே போட்டுவிட்டாள். ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "சூடாத்தான் கீது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். எத்தனையோ தடவை ஊருக்கு வந்து இறங்கியிருக்கிறேன். தெருவே கூடி வந்து என்ன கொண்டுவந்தேன் என்று கேட்கும். இந்தத் தடவை எல்லோரும் ஒரு கை தூரம் தள்ளி நின்றே பேசினார்கள்.

மயில் கேட் அப்படியே இருந்தது. உள்ளே கூடத்தில் அப்பா படம், அம்மா படம், அதற்கடுத்து நான். மூன்று பேரும் ஒரே வரிசையில். மாலை என் கழுத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. படம் வெளியாகி இத்தனை நாளாகியும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். மோகன் சமையல்கட்டுக்குள் போய்விட்டான். அவன் பெண்டாட்டி சரசு, "மாமா, முதல்ல தண்ணி குடிங்க" என்றாள்.

5

பாபு ஏற்பாடு செய்து, படத்தின் உதவி இயக்குநரை மறுநாள் காலையில் வரவைத்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், பிரபா என்று பெயர், தோளில் ஒரு கேமரா. கூடவே இன்னொருவனும் வந்தான். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தன. திருடனாக நடித்த அன்வர். அஸ்தினாபுரத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன், முதல் படம். அவனை யாரும் கூப்பிடவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று பிரபா சொன்னதும் அவனாகக் கிளம்பி வந்திருக்கிறான். உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் சுவரைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"அதே கேமராவா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"அது வேற படத்துக்கு வாடகைக்குப் போயிடுச்சிம்மா. லென்ஸ் அதே லென்ஸ்தான்" என்றான் பிரபா. உண்மையோ, அம்மாளைச் சமாதானப்படுத்தச் சொன்னானோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நேராகவே கேட்டேன். முதலாளியாக இருந்து பழகினவன் எப்படிக் கேட்பானோ அப்படி.

"ஏன்பா, உசிரோட இருக்கிறவன் போட்டோவுக்கு மாலை போடறோமேன்னு உங்கள்ல ஒருத்தருக்குக் கூடவா தோணல?"

பிரபா எழுந்து நின்றான். "சார், சத்தியமா மாலை நாங்க போடல."

"அப்புறம்?"

"நாங்க வந்தப்பவே மாலையோடதான் இருந்துது. மேல ஒரு துண்டு போட்டு மூடியிருந்தாங்க. துண்ட எடுத்தோம், பல்ப மாட்டினோம், அவ்ளோதான். மறைஞ்ச பெரியவர்னு நெனச்சு செட்டுல எல்லாரும் செருப்பக் கழட்டிட்டுதான் சார் உங்க முன்னால நின்னோம்."

சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த மோகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் ண்ணா."

பெருந்தொற்றின்போது நான் ஆஸ்பத்திரியில் தொண்டையில் குழாயோடு கிடந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கஸ்தூரியும் காய்ச்சலில் தனியறையில் கிடந்தாள். கார்த்திக்கிடம் ஊர் எண் ஒன்றும் இல்லை, ஊருக்குப் பேச ஆளில்லை. அந்த நேரத்தில் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவான் என் படத்தைப் போட்டு ஆழ்ந்த இரங்கல் என்று எழுதிவிட்டானாம். மோகன் நம்பிவிட்டான். கடைகளெல்லாம் சாத்தியிருந்த நேரம். எங்கெங்கோ அலைந்து சந்தன மாலை வாங்கிவந்து, என் படத்தை அப்பா அம்மா வரிசைக்கு மாற்றி, மாலையைப் போட்டு, கீழே விழுந்து அழுதிருக்கிறான். சில நாள் கழித்துக் கஸ்தூரி போன் செய்து நான் கண் விழித்துவிட்டேன் என்று சொன்னாள்.

"அப்பவே கழட்டிப் போட வேண்டியதுதானேடா?"

"கழட்டப் போனேன் ண்ணா. கோயில்ல ஒரு பெரியவர் இன்னா சொன்னார்னா, உசிரோட கீறவனுக்குப் போட்ட மாலைய அவனேதான் கழட்டணும், வேற கை பட்டா அவனுக்கு ஆவாதுன்னாரு. நீ அங்க மூச்சு விடறதுக்கே கஷ்டப்பட்டுக்கினு இருந்தே. இத எப்டி உங்கிட்ட சொல்றது? அதான், போன் பண்ணும்போதெல்லாம் எப்ப வர்றே, எப்ப வர்றேன்னு கேட்டுக்கினே இருந்தேன்."

கேட்டுக்கொண்டேதான் இருந்தான். எல்லாப் போனிலும் கேட்டான். நான் இங்கே, தம்பிக்குச் சரக்கு ஏதாவது தேவையாக இருக்கும், போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். வீடியோவில் பேசினால் மொட்டை மாடியிலிருந்து பேசுவான், இல்லாவிட்டால் ஏரிக்கரை நடைபாதையிலிருந்து பேசுவான். கூடத்தை ஒரு தடவையும் காட்டியதில்லை. காற்றாட உட்கார்ந்து பேசுகிறான் என்று நினைத்தேன்.

"சினிமாக்காரனுக்கு ஏண்டா வீட்ட விட்ட?"

"நீ கட்டின வூடு படத்துல வரட்டும்னு ஆசை ண்ணா. துண்டு போட்டு மூடினேன். ஷூட்டிங் நடக்கும்போது எங்கள தெருவுல சேர் போட்டு ஒக்கார வெச்சிட்டாங்க. தாம்பரத்துல மொத நாள் போய்ப் பாத்தேன். உன் மொகம் வந்துச்சி. எழுந்து வந்துட்டேன்."

அப்படியென்றால் சினிமா என்னைக் கொல்லவில்லை. அதற்கு வருஷக்கணக்காக முன்பிருந்தே, நான் பனியில் வண்டி ஓட்டி, ஆட்களை விரட்டி வேலை வாங்கி, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம், இந்தச் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். உடம்பு ஜில்லிட்டது. என் வால்வு இறுக ஆரம்பித்தது எப்போது என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போடப் பார்த்தது. போட வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன்.

எழுந்து போனேன். கேமரா ஓடியது. கையைத் தூக்கி மாலையைக் கழற்றினேன். உலர்ந்து நொறுங்கி, சீவல் சீவலாக என் சட்டை மேல் உதிர்ந்தது.

மாலை என் கையில் இருந்தது. படத்திலும் இருந்தது.

எதிர் ஜன்னல் வெயில் பட்டுப் படம் முழுக்க வெளுத்துவிட்டது. மாலை மறைத்திருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. கழுத்திலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் மாலை வடிவத்தில் கருநீலமாக ஒரு தடம். டாக்டர் கீறப்போகிற இடத்தை விரலால் காட்டியிருந்தாரே, அதே இடத்தில் வந்து முடிந்தது. கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், சிரிக்கணும்" என்றான் பிரபா மெதுவாக.

எங்கே சிரிப்பது? வாயை இழுத்துப் பார்த்தேன். அழுகிற மாதிரிதான் வந்தது. அப்போது அன்வர் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், எங்க வீட்ல போட்டோ மாட்ற பழக்கம் இல்ல. எங்க அத்தா ஒரு போட்டோ கூட எடுத்துக்காமலே போய்ட்டார். பேசணும்னு தோணினா பாக்கறதுக்கு ஒரு மூஞ்சி கெடையாது. ஷூட்டிங் முடியற வரைக்கும் உங்க மூஞ்சியப் பாத்துதான் பேசினேன். ஷாட் இல்லாதப்பவும் பேசினேன். இருக்கிற மனுஷன்னு தெரியாது சார். படம் பூரா மூடிக்கோ, மூடிக்கோன்னே சொல்லிட்டேன். தொறன்னு ஒரு தடவ கூட சொல்லல." படத்தைப் பார்க்கவில்லை அவன். என்னைப் பார்த்தே சொன்னான்: "நைனா, கண்ணத் தொற."

எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் வேண்டியது சிரிப்பு. அந்த நேரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மோகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தை ஏறிட்டுப் பார்த்தான்.

"ண்ணா, மாலைக்கு அடியில மட்டும் கோட்டு புச்சா கீது பாரு. முழுசா மூடி வெச்சிருந்தா நீ ஆளே எளமையா இருந்திருப்பே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. மோகன் சிரித்தான், சரசு சிரித்தாள், அன்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். சிரிக்கச் சிரிக்க எனக்கு மூச்சு முட்டி, நெஞ்சை யாரோ முறுக்குகிற மாதிரி வலித்து, சுவரைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தேன். சிரிப்பு அடங்கியபோது எல்லோர் முகமும் என் முகத்துக்கு மேலே இருந்தது. பிரபா கேமராவை நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

வெளியே பாபு பூசணிக்காய் சுற்றி உடைத்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பக்கத்திலிருந்த ஆணியை நானே பிடுங்கி எறிந்தேன்.

6

மாலையை ஏரியில் விடலாம் என்று போனால், ஏரியைச் சுத்தம் செய்து வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். "இங்க எதுவும் போடக் கூடாது பெரியவரே" என்று காவலாளி தடுத்துவிட்டார். சரிதான், நல்ல காரியம்தான். கார் எடுத்துக்கொண்டு கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடலுக்குப் போனோம். அண்ணனும் தம்பியும் மட்டும்.

நான் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கஸ்தூரி சொல்லியனுப்பியிருந்தாள். மணலில் நின்றேன். மோகன் முழங்கால் தண்ணீரில் நின்று வீசினான். அலை திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. சந்தனச் சீவல், மிதக்கிற சாமான். மறுபடி வீசினான். மறுபடி வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மாலையைக் கையில் சுற்றிக்கொண்டு மார்பு அளவு தண்ணீருக்குள் போனான். ஒரு அலை அவனை மூடியது. நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எழுந்து திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"போச்சா?"

"போச்சி ண்ணா."

சட்டையைப் பிழிந்துகொண்டே காருக்கு நடந்தான். போனதை அவன் பார்த்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

7

போட்டோவை வேட்டியில் சுற்றி எட்மண்டனுக்கே கொண்டுவந்துவிட்டேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி, இது யார் என்று கேட்டார். "இட் இஸ் மீ, பிஃபோர்" என்றேன். முன்னால் எடுத்தது என்று சொல்ல வந்தேன். அவர் படத்தையும் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்து, பெட்டியை மூடி அனுப்பிவிட்டார்.

நாளைக்குக் காலையில் ஆபரேஷன். கார்த்திக் லீவு போட்டிருக்கிறான். நேற்று வந்து வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டு, "சித்தப்பா நம்பர் குடுப்பா" என்றான். அவன் அந்த எண்ணைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மாடிக்குப் போய் வெகுநேரம் பேசினான். என்ன பேசினான் என்று கேட்டதற்கு, "நத்திங், பா. முடிஞ்சதும் நான் கால் பண்றேன்னு சொன்னேன்" என்றான். "எது முடிஞ்சதும்?" என்று கஸ்தூரி கேட்டாள். கார்த்திக் வாரின வாசலையே மறுபடியும் வாரப் போய்விட்டான்.

முகமூடி போட்ட ஒருவர் வந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார் என்று நர்ஸ் போனில் விளக்கினாள். எனக்குத் தெரியும் அம்மா, ஏற்கனவே நிறைய பேர் சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

மயக்கம் தெளிகிற நேரத்தில் பக்கத்தில் ஒருவரை விடுவார்களாம். நிலா நின்றுகொள்ளட்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம். அன்வர் வீடியோவில் வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். "ழானா இல்ல பாப்பா, றானா. தொற. நல்லா அழுத்திச் சொல்லு, நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்கிறான். எனக்குக் காது மந்தம் என்று அவனுக்கு யார் சொன்னது? போகட்டும்.

இப்போது கூடத்தில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுவரில் சாய்த்து வைத்த என் படத்தின் முன்னால் நிற்கிறாள். கஸ்தூரி அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, "அங்க இல்லடி. இங்க, தாத்தாவப் பாத்துச் சொல்லு" என்றாள். நிலா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நைனா, கண்ணத் தொற."

சரியாகச் சொல்லிவிட்டாள். இனிமேல் எனக்கு அது கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.